ஆருட களம்?

கனகசிங்கம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, முற்றத்துக் கதிரையில் கேளாமலே குந்தி, "தங்கச்சி, உன்ட நெல்லுச் சூட்ட நான் ஆள் விட்டு மிதிச்சுத் தாறன். அடுத்த போகத்துக்கு வயல என்ட கையில விட்டிரு" என்று சொன்னபோது, இலட்சுமிப்பிள்ளை செய்த முதல் காரியம் "ஓம் அண்ணன்" என்றதுதான். இரண்டாவது காரியம், அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. அவன் குடித்து, வாயைத் துடைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன பிறகு, அந்தக் கோப்பையைக் கழுவும்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவளுடைய கோபம் எப்போதும் அப்படித்தான், ஆள் போன பிறகு வரும். சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். கோப்பை என்ன செய்யும், பாவம்.

ஐந்து ஏக்கர் வயல் அது. தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான், ஆண் கட்டின வீட்டுக்குப் போகிறவன். அப்படி வந்தவன்தான் அவளுடைய புருசன் அருமைநாயகம். வந்த நாளிலிருந்து அந்த மண்ணில் பாடுபட்டான். அந்த வயலைத்தான் கனகசிங்கம் "விட்டிரு" என்றான். கதிரையை நகர்த்தி வை என்று சொல்வதுபோலச் சொன்னான். இவளும் "ஓம்" என்றாள். தூ!

கனகசிங்கம் அந்த வட்டைக்கு, அதுதான் அந்த வயல்வெளிக்கு, வட்டவிதானை. வட்டை முழுவதற்கும் எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எவன் வயலுக்குத் தண்ணீர் முதலில் பாய்வது, வெட்டுக்கு எந்தக் கூலியாள் எங்கே போவது என்று எல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து அவன் வாய்க்கு இன்னும் விலை கூடியது. ஆமிக் காம்ப்பில் ஏதும் விசாரிப்பதென்றால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். காட்டுப் பக்கத்திலிருந்து இயக்கப் பொடியன்கள் வந்தாலும் அவன் வீட்டில்தான் சோறு தின்றார்கள். இரண்டு பக்கமும் சிரிக்கத் தெரிந்த மனிதன்.

இனி போன ஆவணியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. "அண்டைக்கு நடந்த சங்கதி" என்பார்கள், "அந்தக் கரைச்சல்" என்பார்கள், பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். நடந்தது இதுதான். காலையில் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்கள் அத்தனை பேரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் குந்த வைத்தார்கள். பெண்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். கனகசிங்கத்துக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். ஒவ்வொருவனாக எழுப்பி அவன் முன்னால் நிறுத்தி, "இது ஆர்?" என்று அதிகாரி கேட்டான். "நம்மட வட்டைக்காரன் சேர். வெள்ளாமை செய்யிறவன்" என்று கனகசிங்கம் சொல்வான். சொன்னால் ஆள் தப்பினான். முப்பத்தெட்டுப் பேருக்கு அப்படிச் சொன்னான், அதையும் மறைக்கக் கூடாது. முப்பத்தொன்பதாவதாக அருமைநாயகம் எழுந்து வந்தான்.

அதற்கு ஒரு மாதம் முந்தி, சிறுபோகத்துக் கடைசித் தண்ணீருக்காக, வாய்க்கால் கட்டில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கனகசிங்கம் தன் மருமகனின் வயலுக்கு இரண்டாம் முறையாகத் தண்ணீரைத் திருப்ப, அருமைநாயகம் பத்துப் பேர் பார்க்க அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து வீசிவிட்டு, "தண்ணி உன்ட கொப்பன் கொண்டு வந்ததா மச்சான்?" என்று கேட்டான். ஊர் சிரித்தது. அவ்வளவுதான் குற்றம்.

கனகசிங்கம் அருமைநாயகத்தைப் பார்த்தான். பிறகு தன் காலடியைப் பார்த்தான். "தெரியாது சேர்" என்றான்.

ஒரு சொல். லொறியில் ஏற்றினார்கள். ஏறும்போது அருமைநாயகம் கனகசிங்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்தான், அங்கே நின்ற தன் பெண்சாதியைப் பார்த்தான். அவளுக்கும் அவனுக்கும் இடையில் இருபது அடிகூட இல்லை. "என்ட புருசன் சேர், அஞ்சு ஏக்கர் வெள்ளாமைக்காரன்" என்று அவள் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் விட்டிருப்பார்களோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? ஆனால் அவள் கத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அவள் கையை இறுக்கிப் பிடித்து, "பேசாத கா, பேசாத, உன்னையும் ஏத்திருவானுகள்" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவளும் பேசாமல் நின்றாள். லொறி போன பிறகும் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் நின்றாள். கனகசிங்கம் மேல் அவளுக்கு எவ்வளவு கோபமோ, அதில் ஒரு பிடி கூடுதலாகத் தன் மேல் இருந்தது.

அன்றிலிருந்துதான் அந்த "ஓம்" வியாதி முற்றியது. கிராம சேவகர் நிவாரண அரிசியைக் குறைத்துக் கொடுத்தாலும் ஓம். பொடியன்கள் வந்து கோழியைப் பிடித்தாலும் ஓம். வாவித் துறை தாண்டிச் சீனியும் மாவும் வாங்கப் போனால், அக்கரை ஆமிக் காவல் சென்றியில் கொப்பியோடு நிற்கிறவன், "புருசன் எங்க இருக்கு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்பான். "வெளிநாடு எண்டு சொல்லு தங்கச்சி, மற்றதச் சொன்னாக் கரைச்சல்" என்று சொல்லிக் கொடுத்தவனும் கனகசிங்கம்தான். அவள் "வெளிநாடு" என்றாள். "சவூதி?" என்று அவன் கேட்டால் "ஓம்" என்றாள். ஒவ்வொரு கிழமையும் போனாள், ஒவ்வொரு கிழமையும் புருசனைச் சவூதிக்கு அனுப்பிவிட்டு மாவு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அந்த மாவில் ரொட்டி சுட்டு மகளுக்குக் கொடுப்பாள், தான் தின்னமாட்டாள்.

ஆனால் ஒன்று. வாய்தான் பயந்ததே தவிர, கை பயப்படவில்லை. ஐப்பசியில் அருமைநாயகம் எடுத்து வைத்திருந்த விதைநெல்லை முளைகட்டி அவளே விதைத்தாள். பன்றிக்குக் காவல் இருந்தாள், புல்லுப் பிடுங்கினாள், கிளி விரட்டினாள். வெல்லாவெளிப் பக்கத்துக் கூலியாட்கள் வந்து வெட்டிக் கட்டிச் சூடு வைத்துக் கொடுத்தார்கள். கதிர் உள்ளேயும் தாள் வெளியேயுமாக, ஆளுயரத்துக்கு மேல் வட்டமாக அடுக்கிய சூடு. அவளுக்கும் மகளுக்கும் ஒரு வருடச் சாப்பாடு அதற்குள் இருந்தது. இனி அதை மிதித்து நெல்லாக்க வேண்டும். அங்கேதான் அவள் கட்டுண்டு போனாள்.

முந்தியென்றால் மெசின் பெட்டி பூட்டின உழவு இயந்திரம் வந்து அரை நாளில் உழக்கிவிட்டுப் போகும். இப்போது துறை தாண்டி ஒரு போத்தல் டீசல் வராது. அதனால் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாசியில், வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் பழையபடி எருமை மாடு கட்டிச் சூடு மிதித்தார்கள். எருமை வந்ததும், அதன் பின்னால் பழைய கட்டுப்பாடுகளும் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன. களவெட்டியில், அதுதான் சூடு மிதிக்கிற களத்தில், பெண் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பொலி போய்விடுமாம். அங்கே எதையும் அதன் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மாட்டை வாரிக்காலன் என்றும், கூடையைப் பெருவாயன் என்றும், நெல்லைப் பொலி என்றும்தான் சொல்ல வேண்டும். பேரைச் சொன்னால் பூதம் கேட்டு, விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும். மெசின் ஓடின பதினைந்து வருடமும் இந்தப் பூதம் எங்கே போய்ப் படுத்திருந்ததோ தெரியாது.

ஆகவே அவள் களத்தில் ஏற முடியாது. ஏறக்கூடிய ஆண்கள் வரவில்லை. எல்லாருடைய சூடும் ஒவ்வொன்றாகக் கரைந்து, வட்டைக்குள் அவளுடைய சூடு மட்டும் தனியே நின்றது. கேட்டால், "நாளைக்கு வாறம் புள்ள" என்றார்கள். நாளைக்கு வரவில்லை. சின்னத்தங்கம்தான் கடைசியில் விசயத்தை உடைத்தாள்.

"அவனுகள் வரமாட்டானுகள் கா. ஆமியிட்டப் பேர் பட்ட வீட்டு வேலைக்குப் போனா, போறவனுக்கும் பேர் படும் எண்டு வட்டவிதானையார் சொல்லி வச்சிருக்காரு."

மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. மாசியில் ஒரு மழை பெய்தால் போதும், சூட்டுக்குள்ளேயே நெல் முளைத்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் கனகசிங்கம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். கோப்பை பளபளத்த கதை உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் விடிய ஆறு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். பார்த்தீர்களா, ஒரு மாதமாக வராதவர்கள், அவன் ஒரு சொல் சொன்னதும் வரிசையாக வந்து நின்றார்கள். கந்தப்போடியார் தன் நான்கு எருமைகளையும் சாய்த்துக்கொண்டு வந்தார். வட்டைக்குள் அவர்தான் வயதில் மூத்தவர், களம் தொடங்கி வைக்கிறவர். முந்தி இரவில்தான் சூடு மிதிப்பார்கள். இப்போது ஆறு மணிக்குப் பிறகு வயலில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் ஷெல் வரும் என்பதால், எல்லாம் பகலில்தான் நடந்தது.

இலட்சுமிப்பிள்ளை களத்துக்கு இப்பால், மருத மரத்தடியில் மூன்று கல் வைத்து, ஆட்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு அந்த இடம் மட்டும் அனுமதி. சின்னத்தங்கம் உதவிக்கு வந்து தேங்காய் துருவினாள். அப்பால் சாணி மெழுகின களத்தில் ஆண்கள் சூட்டைச் சரித்து, நெற்கதிர்களைப் பரப்பினார்கள். கனகசிங்கம் வெள்ளைச் சட்டையோடு, குடையை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றான். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அகப்பையால் சோற்றைக் கிளறினாள். அவன் நின்ற இடத்துக்கும் அவள் இருந்த இடத்துக்கும் இருபது அடிதான் இருக்கும்.

எருமைகளைப் பிணைத்து, களத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். அந்த வட்டையில் ஒரு வழமை உண்டு. முதல் மாடு கால் வைக்கும் முன் மூத்தவர் கேட்பார், களத்துக்குரியவன் தன் பேரைச் சொல்வான். அந்த இடத்தில் நேராகச் சொல்லக்கூடிய ஒரே பேர் அதுதான். எவனுடைய விதையோ அவன் பேர். தெய்வத்துக்கு அது தெரிய வேண்டுமாம்.

கந்தப்போடியார் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து, "ஆருட களம்?" என்று கேட்டார்.

"என்ட களம்" என்றான் கனகசிங்கம். "கனகசிங்கத்தின்ட களம்."

போடியார் திரும்பிப் பார்த்தார். "வட்டவிதானையார், அடுத்த போகம் உங்கட கைக்கு வாறது சரி. இது விதை வச்சவன்ட பேரிலதானே சொல்ல வேணும்? இது நம்மட அருமை..."

"அப்பிடி ஒரு ஆளத் தெரியாது, போடியார். மாட்ட ஏத்துங்க."

சின்னத்தங்கம் தேங்காய்த் துருவலைக் கீழே கொட்டிவிட்டு, "கா!" என்று கையை நீட்டினாள். கை காற்றைத்தான் பிடித்தது. இலட்சுமிப்பிள்ளை எழுந்து நடந்துகொண்டிருந்தாள். கையில் அகப்பை, அகப்பையில் சோறு ஒட்டியிருந்தது. வரம்பைத் தாண்டினாள். களத்தின் விளிம்பைத் தாண்டினாள். பரப்பிக் கிடந்த கதிருக்கு மேலே வெறும் காலோடு ஏறி நின்றாள்.

"ஏய்! ஏறாத! பொம்பிள ஏறினாப் பொலி போயிரும்!" என்று கூலியாட்களில் ஒருவன் அலறினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "ஆரத் தெரியாது?" என்று கனகசிங்கத்திடம் கேட்டாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"தங்கச்சி, இறங்கு. இது பொம்பிளையள் நிக்கிற இடமில்ல."

"நான் நிக்கிறது என்ட வயல், என்ட களம். உனக்கு ஆரத் தெரியாது? சொல்லு, கனகசிங்கம்."

'அண்ணன்' போய்விட்டது, 'நீங்க' போய்விட்டது. அதைக் கேட்ட ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கனகசிங்கத்தின் காது சிவந்தது.

"இவடத்த பேர் சொல்லிக் கதைக்கக் கூடா புள்ள" என்றார் கந்தப்போடியார், மெதுவாக.

"கதைப்பன் போடியார்! இந்தா, மாடு! எரும மாடு! அது கூடை! இது நெல்லு, நான் விதைச்ச நெல்லு! மரைக்கால்! சுளகு! எல்லாத்துக்கும் பேர் இருக்கு. என்ட புருசனுக்கும் பேர் இருக்கு. அருமைநாயகம்! கேட்டுதா? அருமைநாயகம்!"

கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. 'இஞ்சாருங்க' என்பாள், மற்றவர்களிடம் 'புள்ளட வாப்பா' என்று பகிடிக்குக் காத்தான்குடி முஸ்லிம் பெண்களைப் போலச் சொல்லிச் சிரிப்பாள், பேர் மட்டும் சொல்லமாட்டாள். இப்போது அது வாயிலிருந்து வந்து விழுந்தது. விழுந்தது கிடக்கட்டும் என்று நின்றாள்.

"பூதம் கேட்டுரும் புள்ள..."

"பூதம் போன ஆவணியில வந்திட்டுது போடியார். லொறியில வந்துது. அண்டைக்கு இவடத்த நிக்கிற அத்தின பேரும் வாயப் பொத்திட்டுத்தானே இருந்த நாங்க? ஒரு ஆள் பேர் சொன்னமா? அப்பயும் கொண்டு போகாம விட்டுதா?"

ஒரு எருமை குனிந்து கதிரைக் கடித்தது, அதைத் தடுக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் கனகசிங்கத்தின் பக்கம் இன்னும் இரண்டு அடி போனாள். "தெரியாதாம்! உன்ட மூத்தவள்ட கலியாணத்துக்குப் பந்தல் போட்டது ஆரு? புடையன் பாம்பு கடிச்சு வாய் நுரை தள்ளக் கிடந்த உன்னத் தோளில போட்டுக்கொண்டு துறை மட்டும் ஓடினது ஆரு? ஆறு நாள் உனக்கு ஆஸ்பத்திரியில கக்கூசுக்குச் சட்டி எடுத்தது ஆரு? அப்பயெல்லாம் தெரிஞ்சுதுதானே? ஒரு மம்பெட்டியப் பறிச்சு எறிஞ்ச உடன தெரியாமப் போச்சுதா?"

"எனக்கும் பயம்தான் தங்கச்சி" என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "என்ட பிடரியில துவக்க வச்சிருந்தானுகள். நான் என்ன செய்யிற?"

"பொய்!"

சொன்னது இலட்சுமிப்பிள்ளை இல்லை. மருத மரத்தடியிலிருந்து சின்னத்தங்கம் எழுந்து நின்றாள், கையில் இன்னும் தேங்காய்ப் பாதி. "பச்சப் பொய்! துவக்கு ஒண்டும் வைக்கல்ல. கதிரை தந்தவன். சோடா தந்தவன். நீ சோடா குடிச்சிட்டுத்தான் தெரியாது எண்ட. வேலியில நிண்டு நாங்க எல்லாரும் கண்ட நாங்க!"

கூலியாட்களில் ஒருவன் தலை குனிந்தான். இன்னொருவன், அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவன், துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

கனகசிங்கத்துக்கு இப்போதுதான் உண்மையான முகம் வந்தது. அவளுக்குக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "மெல்லக் கதை. நான் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், காம்ப்பில இருந்து வருவானுகள். உன்னையும் கொண்டு போவானுகள். மறுகா உன்ட புள்ளைய ஆரு பாக்கிற?" என்றான்.

முன்பென்றால் அந்த இடத்தில் அவள் "ஓம்" என்றிருப்பாள். ஆறு மாதமாக அவள் கண்ணை மூடினால் வருகிற காட்சியே அதுதான்: லொறி, ஏணி, தன்னைப் பிடித்து ஏற்றுகிற கை. ஆனால் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டதும், அவளுக்குள் ஏதோ ஒன்று திடீரென்று கணக்குத் தப்பிப் போனது. அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"கொண்டு போகட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "கேளுங்க போடியார், வட்டவிதானையார் என்னைக் கொண்டு போக வைப்பாராம். கொண்டு போகச் சொல்லுங்க. அங்க அந்த மனிசன் இருக்கிறாரா எண்டு பாத்திட்டு வாறன். ஆறு மாசமா நான் எதுக்குப் பயந்த நான் தெரியுமா? என்ட புருசன் இருக்கிற இடத்துக்கு என்னையும் கொண்டு போயிருவானுகள் எண்டு பயந்த நான்! எனக்கு விசர்தானே? என்ட மகள இந்தச் சின்னத்தங்கம் பாப்பாள். பாப்பியா கா?"

"பாப்பன்" என்றாள் சின்னத்தங்கம். அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

"அண்டைக்கு நானும் வாய் திறக்கல்ல" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. இப்போது குரல் உடைந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "அவர் என்னைப் பாத்தவர். நான் கம்பியப் பிடிச்சிட்டு நிண்ட நான். அது சாகும் வரைக்கும் என்னை விட்டுப் போகா. உன்னைக் குறை சொல்லி அதைக் கழுவ எனக்கு ஏலா, கனகசிங்கம். ஆனா நான் இனி வாய மூடமாட்டன். வயலும் தரமாட்டன். நேற்று ஓம் எண்டது இண்டைக்கு இல்ல. எறங்கு என்ட களத்த விட்டு."

அவன் சுற்றிப் பார்த்தான். எவனாவது ஒருவன் தன் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்த்தான் போல. எல்லாரும் மாட்டைப் பார்த்தார்கள். "பாத்துக்கொள்ளு" என்று சொல்லிவிட்டு இறங்கி, வரம்பில் வேகமாக நடந்தான். ஒரு இடத்தில் சேற்றில் கால் வழுக்கி, கையை ஊன்றி எழுந்து போனான். குடை களத்திலேயே கிடந்தது.

கூலியாட்கள் நான்கு பேரும் போவதா நிற்பதா என்று தெரியாமல் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பயம் அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கந்தப்போடியார் வானத்தைப் பார்த்தார், மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. எருமைகளைப் பார்த்தார். கடைசியில் களத்தின் நடுவில் அகப்பையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார், கும்பிட்டாரோ ஏசினாரோ தெரியாது. பிறகு துவாயை அவிழ்த்து உதறி, திரும்பவும் இடுப்பில் கட்டினார்.

"ஆருட களம்?" என்று கேட்டார்.

"அருமைநாயகத்தின்ட களம்" என்றாள். "என்ட களம்."

"நடத்துங்கடா மாட்ட" என்றார் போடியார். "மழை வருது, பாத்துக்கொண்டு நிக்கிறானுகள்!"

எருமைகள் ஏறின. துவாயால் முகத்தை மூடியவன்தான் முதலில் கயிற்றைப் பிடித்தான். இலட்சுமிப்பிள்ளை களத்தை விட்டு இறங்கவில்லை. சின்னத்தங்கமும் ஏறி வந்தாள், சோறு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று. இரண்டு பேரும் வைக்கோலை உதறினார்கள், நெல்லைக் கூட்டினார்கள், சுளகெடுத்துத் தூற்றினார்கள். "வாரிக்காலன இந்தப் பக்கம் திருப்பு" என்று ஒருவன் பழக்கத்தில் சொல்ல, "மாடு எண்டு சொல்லு, மாட்டுக்குத் தெரியும்" என்று சின்னத்தங்கம் கத்தினாள். அன்று முதல்முறையாக அங்கே ஒரு சிரிப்புக் கேட்டது. மூன்று மணிக்குக் கடைசிக் கதிரும் மிதிபட்டது. நான்கு மணிக்கு மழை வந்தபோது நெல் முழுவதும் படங்குக்குக் கீழே இருந்தது. பூதம் வரவில்லை. கனகசிங்கத்தின் குடை மழையில் நனைந்துகொண்டு கிடந்தது, ஒருவரும் அதைத் தொடவில்லை.

காம்ப்பிலிருந்து எவனும் வருவானா என்று அவள் ஐந்து நாள் பார்த்திருந்தாள். நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்தாள். பயம் போய்விட்டதென்று ஆர் சொன்னது? அது அங்கேதான் இருந்தது, பொல்லாத சனியன். ஆனால் இப்போது அது இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அவளால் நெல் அவிக்க முடிந்தது. ஆறாம் நாள், சீனி முடிந்தது. மகளைச் சின்னத்தங்கத்திடம் விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்து, பொட்டு வைத்துக்கொண்டு, துறைக்குப் போய்த் தோணி ஏறினாள்.

அக்கரையில் வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், பின்னாலும் அத்தனை பேர். வெயில் கொளுத்தியது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒருமுறை நினைத்தாள், நினைத்துக்கொண்டே இன்னொரு அடி முன்னால் வைத்தாள்.

சென்றிக்காரன் அவளை அடையாளம் கண்டு, கொப்பியைப் புரட்டினான். வழமையான ஆள்தான், கேட்கவே தேவையில்லை என்பதுபோலப் பேனையை வைத்தான்.

"புருசன் வெளிநாடு. சவூதி. ஓம்தானே?"

"இல்லை" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவர் வெளிநாட்டில இல்ல. சவூதியிலயும் இல்ல. ஆவணி மாசம் எங்கட பள்ளிக்கூடத்தில இருந்து நீங்க லொறியில ஏத்திக்கொண்டு போன ஆள். வெள்ளாமைக்காரன். பேர் அருமைநாயகம். எழுதுங்க."

அவன் எழுதவில்லை. அவளையே பார்த்தான். பிறகு பின்னால் திரும்பி, கொட்டிலுக்குள் இருந்த இன்னொருவனிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னான். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தான். இலட்சுமிப்பிள்ளை நகரவில்லை. இரண்டு பேரும் கொப்பியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் கழித்து முதலாமவன் 'வெளிநாடு' என்று இருந்த இடத்தை வெட்டிவிட்டு, பேனையைப் பிடித்துக்கொண்டு தடுமாறினான்.

"அரு... அருமா..."

"பிழையா எழுதாதீங்க" என்றாள் அவள். "ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுறன்."